50 கிலோ கொக்கித் தராசு: பாசி மூட்டைக்கு வாங்கியது, சித்தப்பா மேல் புகார் வரை போனது

ஆன்லைனில் நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இது. மேலே கைப்பிடி, கீழே கொக்கி, இரண்டு பென்சில் பேட்டரி. 50 கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி நிறுப்பது போலப் படம் போட்டு விற்கிறார்கள். நான் வாங்கியது அம்மா காயவைத்துக் கட்டும் கடல்பாசி மூட்டைக்கு. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் எங்கள் ஊர். இங்கே பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, கடலில் மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறிக்கிறார்கள். பாறை கிழித்த விரலில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று அம்மாவின் கையைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பாசியில் கால் கிலோ குறைந்தாலும் எனக்குச் சும்மா விட மனசு வராது.

வந்ததும் தராசு சரியா என்று பார்த்தேன். தெருமுனை மளிகைக்கடையில் ஈய முத்திரை குத்திய இரும்பு எடைக்கல் இருக்கிறது. கயிறு கட்டித் தொங்கவிட்டதில் 5 கிலோ கல்லுக்கு 5.00 காட்டியது, 10 கிலோவுக்கு 10.02. வீட்டில் வைத்துப் பார்க்க இது போதும். குறைகளும் உண்டு. காற்று அடிக்கும்போது மூட்டை ஆடினால் எண் நிற்கவே நிற்காது. சுவரோரமாகப் போய் நிறுக்க வேண்டும். உப்புக்காற்றில் கொக்கி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, பேட்டரி முனையில் பச்சை பூக்கிறது. வேலை முடிந்ததும் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கை பட்டு பவுண்டுக்கு மாறிவிட்டால் 25 கிலோ மூட்டை 55 என்று காட்டும். அம்மா பயந்தே போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நிறுத்த மூட்டை வியாபாரியின் கொட்டகையில் எப்போதும் குறைந்தது. பாசியை வைத்து மட்டும் யார் மேலும் பழி சொல்ல முடியாது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். அதனால் தையல் பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையை வீட்டில் தொங்கவிட்டேன். சாக்கோடு 25.10. அதை அப்படியே வண்டியில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பையனிடம் ஏற்றச் சொன்னேன். 23.30. அரிசி ஒரே மணி நேரத்தில் அவ்வளவு இளைக்காது. தராசுப் பக்கவாட்டில் முத்திரைத் தகட்டைத் தேடினேன். எந்த வருடம், எந்தக் காலாண்டு என்று ஏ, பி, சி, டி எழுத்தோடு அதில் குத்தியிருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை கட்டாயம். அந்தத் தகட்டில் துருதான் இருந்தது.

மண்ணுக்கும் ஈரத்துக்கும் கழிவு என்று மூட்டைக்கு இவ்வளவு பிடிக்கிறார்களே, அதை நான் இதில் சேர்க்கவில்லை. அதை முகத்துக்கு நேராகச் சொல்லிப் பிடிக்கிறார்கள், நாமும் பேரம் பேசலாம். தராசு தின்பதை யாரும் சொல்வதில்லை.

அந்த வியாபாரி அப்பாவின் பங்காளி. எனக்குச் சித்தப்பா முறை. முதலில் அவரிடமேதான் போனேன்.

"சித்தப்பா, அரிசி மூட்டையே உங்க தராசுல ஒண்ணேமுக்கால் கிலோ குறையுது."

"காத்தடிக்கிற எடம்த்தா, முன்னப்பின்னதான் காட்டும்."

"முன்ன ஒருநாளும் காட்டலையே சித்தப்பா. எப்பவும் பின்னத்தானே காட்டுது?"

மாற்றுகிறேன் என்றார். அடுத்த பௌர்ணமிக்குப் பிறகு மூட்டை போனபோதும் அதே தராசுதான் நின்றது.

புகார் எழுதப் போகிறேன் என்றதும் அம்மா அழுதார். "உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி வண்டி பிடிச்சு மதுரைக்குக் கொண்டுபோனது யாரு? அவரு மேல எழுதிக் கொடுப்பியா?" அது உண்மை. இன்றைக்கும் அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஒரு ராத்திரிக்கு எத்தனை மூட்டைக்குக் குறைத்துக் கொடுப்பது? கடன் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். கேட்காமல் எடுப்பது வேறு.

எங்கள் வீட்டு மூட்டை மட்டும்தான் குறைந்தது என்றால், அம்மா பேச்சைக் கேட்டு விட்டிருப்பேன். நமக்குச் செய்ததை மன்னிக்க நமக்கு உரிமை இருக்கிறது. அதே தராசில்தான் அக்கம்பக்கத்து அக்காமார் எல்லாரும் போடுகிறார்கள். அதில் புருஷன் இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் இழந்ததை நான் எப்படி மன்னிக்க முடியும்? உறவு என்று நான் வாயை மூடினால், அந்த உறவுக்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

அவர்களிடமும் கேட்டேன். ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். மழைக்காலத்தில் கடலில் இறங்க முடியாதபோது முன்பணம் கொடுப்பவர் சித்தப்பாதானே என்பது அந்த அக்காவின் பயம். அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. இன்னொருவர், "நீ எழுது, எம்பேர மட்டும் போட்டுராத" என்றார். என் பெயர் மட்டும்தான் போட்டேன். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அதனாலேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: நிறுத்துப் பார்த்தது, முத்திரை இல்லாதது, இரண்டு மட்டும். சித்தப்பா வீட்டு நிலத் தகராறும் அவர் மகன் செய்த வேலையும் எனக்குத் தெரியும். அவற்றில் ஒரு எழுத்துகூட அந்த மனுவில் இல்லை.

வாங்குகிறவர் ஏமாற்றிக் கூடுதலாக நிறுத்து எடுப்பதும் குற்றம்தான். 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவில் இருக்கிறது. கடைக்காரர் குறைத்துக் கொடுத்தால் மட்டும்தான் வழக்கு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. நான் திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தேன். நம் கொக்கித் தராசு காட்டும் எண்ணை யாரும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். அதில் முத்திரை கிடையாது, அதை வைத்து வியாபாரமும் செய்யக் கூடாது. அதிகாரிகள் சோதனை எடைக்கற்களோடு வந்து வைத்துப் பார்த்தார்கள். தராசு போனது, சித்தப்பா அபராதம் கட்டினார், முத்திரை குத்திய புதுத் தராசு வந்தது.

அவர் என்னோடு பேசுவதில்லை. கோயில் கொடைக்கு எங்கள் வீட்டில் வரி வாங்க ஆளை அனுப்பினார், தான் வரவில்லை. அம்மா இன்னமும் அவருக்குத்தான் பாசி போடுகிறார், மதினி என்று கூப்பிட்டு அவரும் காசை எண்ணிக் கொடுக்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் பிழைப்பைக் கெடுக்க நான் எழுதவில்லை.

தராசுக்கு ஐந்துக்கு நான்கு. துருவுக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் கொக்கி எவர்சில்வரா என்று பார்த்து வாங்குங்கள், பவுண்டு பொத்தான் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், தெரு முழுக்க ஒன்று இருந்தால் போதும்.