இரண்டு வருடம் இடப்பக்கம் இழுத்த வண்டி

மச்சான் ஆறு மாதமாக என் காரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "கொடுக்கிற எண்ணம் இருந்தா எனக்கே கொடுங்க மாப்ள" என்றார். தீபாவளிக்குள் கொடுத்துவிடுகிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன். விற்க நினைத்ததற்கு ஒரே காரணம், ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் போய்விடும்.

பெட்ரோல் ஹேட்ச்பேக், ஏழு வருடம், 68,000 கிலோமீட்டர். இன்ஜின், ஏசி, மைலேஜ் எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய் இறங்கினால் தோள்பட்டை கடுக்கும். துவரங்குறிச்சிப் பக்கம் இடது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் தடாலென்று இறங்கியதிலிருந்து இரண்டு வருடமாக இதே கதைதான். நான்கு வழிச்சாலையில் எண்பதில் போகும்போது, வண்டியை வலப்பக்கமாகப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். பிரேக்கை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். பக்கத்தில் பஸ் போகும் நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இதற்காக மூன்று இடங்களில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை, செய்தேன். மூன்று இடத்திலும் கேமரா வைத்த நவீன மெஷின். மூன்று இடத்திலும் கையில் ஒரு பேப்பர், கண்ணில் பட்டதெல்லாம் பச்சை, அதாவது அளவு சரி. "இன்னும் இழுக்குதே" என்றால், "ரோடு அப்படித்தான் சார், சரிவா இருக்கும்" என்று பதில். மழைநீர் வடிய நம் சாலைகளை இடது ஓரத்துக்குச் சரிவாகப் போடுகிறார்கள், எந்த வண்டியும் மெல்ல அந்தப் பக்கம் நகரத்தான் செய்யும். ஆனால் என் வண்டி நகரவில்லை, இழுத்தது. ஒருவர்கூட அதை ஓட்டிப் பார்க்கவில்லை என்பதில்தான் எனக்கு இன்றும் கோபம்.

போன மாதம் திருச்சி பால்பண்ணைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக்கிடம் மூன்று பேப்பரையும் நீட்டினேன். "தம்பி, பேப்பர் கிடக்கட்டும், சாவியைக் கொடுங்க" என்றார். பைபாஸில் ஒரு சுற்று ஓட்டினார். திரும்பி வந்து நான்கு டயரிலும் காற்றைச் சமமாக்கினார். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினார். டயரில் கோளாறு என்றால் இழுப்பு பக்கம் மாறியிருக்கும். மாறவில்லை.

அப்புறம்தான் பேப்பரை எடுத்துக் காட்டினார். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு) எல்லாம் பச்சைதான். கேஸ்டர் என்ற கட்டம் மூன்றிலும் காலி! அதை அளக்க, மெஷினில் நிற்கும்போதே ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பிக் காட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. மூன்று பேரும் செய்யவில்லை.

எல்லோரும் திருத்திக்கொண்டிருந்தது டோ மட்டும். பெரும்பாலான சின்ன கார்களில் முன்பக்கம் திருகி மாற்றக் கூடியதும் அது ஒன்றுதான். டோ தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், வண்டி அலைபாயும். ஆனால் ஓடும்போது இரண்டு முன்சக்கரமும் அந்தத் தப்பைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதால், ஒரே பக்கம் இழுக்காது. அதை எத்தனை தடவை திருத்தியும் என் இழுப்பு போகாததற்குக் காரணம் இதுதான்.

கேஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வருவதற்கு முக்கியக் காரணம் அந்தச் சாய்வுதான். எந்தப் பக்கம் அது குறைகிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். அளந்து பார்த்ததில் எனக்கு வலது 3 டிகிரி 5 நிமிடம், இடது 2 டிகிரி 10 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்). லிஃப்டில் ஏற்றிக் கம்பியால் நெம்பிக் காட்டினார். சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிணைக்கும் இடது லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்து, சக்கரமே பின்னால் நகர்ந்திருந்தது, சாய்வு குறைந்தது அதில்தான். பிரேக் பிடித்தால் அதிகம் இழுத்ததும் அதனால்தான்.

புஷ் தனியாகக் கிடைக்கவில்லை, ஆர்மோடு வாங்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் மாற்றி, அதன் பிறகு அலைன்மென்ட் செய்து, எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். ஏற்கெனவே மூன்று தடவை கொடுத்த காசு தண்டம்.

அன்று சாயங்காலமே விராலிமலை வரை ஓட்டினேன். ஸ்டியரிங் மேல் கை சும்மா இருந்தது. எண்பதில், தொண்ணூறில், கோடு போட்டதுபோல் நேராகப் போனது. புது வண்டியில்கூட இந்தச் சுகத்தை நான் கவனித்ததில்லை. திரும்பி வரும்போது வேண்டுமென்றே மெதுவாக வந்தேன், பாதை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று.

வயதான வண்டி, அடுத்து சஸ்பென்ஷனில் வேறு எதுவும் போகலாம், கணக்குப் பார்த்தால் இப்போது விற்பதே சரி. எனக்கு மனசில்லை. மச்சானிடம் நேற்று போனில் சொன்னேன். வருத்தம்தான் அவருக்கு, வாக்கு மாறியது நான். வேறு ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். பணம் கொடுக்கும் முன் அதை அந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம்.