வரிக் குடியிருப்புச் சான்றிதழ் (டிஆர்சி) வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்

அமெரிக்காவில் இருந்துகொண்டு ஊரில் என்ஆர்ஓ டெபாசிட் (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் ரூபாயில் வைப்பது) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வட்டியில் வங்கி 30 சதவீத வரி, அந்த வரித் தொகையின்மேல் 4 சதவீத செஸ் என்று மொத்தம் 31.2 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டியே வரியாக, பிடித்துவிடும். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடித்தால் போதும். அதற்கு நாம் அமெரிக்க வரிக் குடியிருப்பாளர் என்ற சான்றிதழைக் காட்ட வேண்டும். வங்கியில் டிஆர்சி என்பார்கள். இங்கே அதன் பெயர் படிவம் 6166. அதைக் கேட்டு அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும் மனு படிவம் 8802.

இந்தியர்களுக்கென்றே வரி வேலை பார்ப்பதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்திடம் இதை ஒப்படைத்தேன். சேவைக் கட்டணம் தனி. அரசுக் கட்டணம் வருடத்துக்கு 185 டாலர், இரண்டு வருடத்துக்கு 370 என்றார்கள். இரண்டு வருடம் கேட்டது நியாயம்தான். இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இரண்டு காலண்டர் ஆண்டுகளுக்கும் சான்று வேண்டும் என்று வங்கியே சொல்லியிருந்தது. ஆனால் 185 என்பது நிறுவனங்களுக்கான கட்டணம். தனிநபருக்கு 85 டாலர். அதுவும் ஒரு மனுவுக்கு: எத்தனை ஆண்டு, எத்தனை நாடு கேட்டாலும் அதே 85தான்.

பணம் போனபின் பல வாரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு பிடிஎஃப் வந்தது. அவர்களுடைய சொந்த லெட்டர்ஹெட்டில், இன்னார் அமெரிக்கக் குடியிருப்பாளர் என்று இரண்டு பத்தி, கீழே ஒரு முத்திரை. கூடவே நிரப்பிய 10எஃப் என்ற இந்திய வரிப் படிவம். வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. 6166 அமெரிக்கக் கருவூலத் துறையின் லெட்டர்ஹெட்டில் அச்சாகி வரும் கடிதம். எந்தக் கணக்காளரும் தன் ஆபீஸில் அடித்துத் தர முடியாது. 10எஃப்போ, சான்றிதழில் இல்லாத விவரங்களை நாமே அறிவித்து இந்திய வருமான வரித் தளத்தில் தாக்கல் செய்வது. சான்றிதழ் இல்லாமல் அது மட்டும் இருந்து பயனில்லை.

அனுப்பிய 8802இன் நகலைக் கேட்டேன். பல சாக்குகளுக்குப் பிறகு வந்தது. அமெரிக்க அரசுக் கட்டணங்களைக் கட்டும் பே.கவ் தளத்தில் கட்டணம் கட்டினால் கிடைக்கும் உறுதி எண்ணை எழுதும் கட்டம் காலி. அதாவது அந்தத் தளத்தில் கட்டணம் கட்டியதற்கு அடையாளமே இல்லை. கட்டாமல் ஐஆர்எஸ் மனுவைக் கையிலெடுக்காது. நடப்பு ஆண்டுக்கு இன்னும் ரிட்டர்ன் தாக்கல் ஆகியிருக்காது என்பதால், இந்த ஆண்டும் குடியிருப்பாளராகவே இருப்பேன் என்று உறுதிமொழி எழுதிச் சேர்க்க வேண்டும். அதுவும் இல்லை. மனு உண்மையில் தபாலில் போனதா என்பதே எனக்குச் சந்தேகம்.

இதற்கிடையில் வட்டி வந்தது, 31.2 பிடித்தாயிற்று. இந்தியாவில் கட்டிய வரியை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் வெளிநாட்டு வரிக் கழிவில் சரிக்கட்டிவிடலாம் என்று அந்த நிறுவனத்தில் சமாதானம் சொன்னார்கள். அதுவும் தவறு. ஒப்பந்த விகிதத்துக்கு மேல் பிடித்ததை ஐஆர்எஸ் கழிவாக ஏற்காது. இந்தியாவில் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாகத்தான் வாங்க வேண்டும்.

8802ஐ இப்போது நானே நிரப்பி, 85 டாலர் கட்டி அனுப்பியிருக்கிறேன். பழைய பணத்துக்கு கார்டு நிறுவனத்தில் டிஸ்ப்யூட் போட்டாயிற்று. அரசுக் கட்டணம் கட்டிய பே.கவ் ரசீதை அந்த வரி நிறுவனத்திடம் கார்டு நிறுவனத்தார் கேட்டிருக்கிறார்கள். இதுவரை பதில் இல்லை.