பிரீமியம் பூனை உணவு என்று லூஸில் விற்றால் வாங்காதீர்கள்

பூனை வளர்ப்பவர்கள், அதிலும் ஆண் பூனை வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எங்கள் சுண்டு சாகக் கிடந்தான். அதற்குப் பிறகுதான், எட்டு மாதமாக நான் எதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பெட் ஷாப். முன்னெல்லாம் சுண்டுவுக்கு அங்கே வாங்குகிற சாதாரண உலர் உணவு, 1.2 கிலோ பாக்கெட். கூடவே தினமும் ஒரு கிரேவி பௌச், அதாவது குழம்போடு வருகிற ஈர உணவுப் பொட்டலம். கடைக்காரர் அன்பாகப் பேசுவார், பூனையின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். ஒருநாள், "அக்கா, இந்த சீப் ஃபுட்டை இன்னும் எத்தனை நாளைக்குப் போடுவீங்க? பிரீமியத்துக்கு மாறுங்க. மூட்டையா எடுக்கிறதால நம்மகிட்ட கிலோ 520தான்" என்றார். அதே பிராண்டு சீல் பாக்கெட்டில் கிலோ தொள்ளாயிரத்துக்கு மேல். பௌச்சையும் நிறுத்தச் சொன்னார். பௌச்சையும் பிரீமியம் பையையும் எதிரில் வைத்து, "இதுல புரோட்டீன் 8, அதுல 32. மீதி எல்லாம் தண்ணி. தண்ணிக்கா அக்கா 50 ரூபாய்?" என்று கேட்டார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சுண்டு மண் தட்டில் போய் உட்காருவான், முக்குவான், அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுப்பான், இறங்கிப் போய் நக்கிக்கொள்வான், திரும்ப வந்து உட்காருவான். மலச்சிக்கல் என்று நினைத்துவிட்டேன். மண்ணைக் கிளறிப் பார்த்தேன். காலையில் போட்ட மண் போட்டபடி காய்ந்து கிடந்தது, மூத்திரத்தில் நனைந்து திரண்ட கட்டி ஒன்றுகூட இல்லை. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். விடியட்டும் என்று இருந்துவிட்டேன். விடிந்தபோது வாந்தி எடுத்துவிட்டுக் குளியலறைத் தரையில் கிடந்தான். கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது.

வயிற்றில் கை வைத்ததுமே டாக்டரின் முகம் மாறிவிட்டது. என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். உள்ளே சாத்துக்குடி அளவுக்கு, கல் மாதிரி கெட்டியாக மூத்திரப்பை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். சிறுநீர் கெட்டிப்பட்டு, உப்புப் படிகமும் சளியும் திரண்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மயக்கம் கொடுத்து டியூப் போட்டு, மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி, 14,500 ரூபாய் செலவில் பிழைத்து வந்தான்.

கடைக்காரரின் புரோட்டீன் கணக்கைச் சொன்னேன். டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். பௌச்சில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். மீதி 20 பங்கில் 8 புரோட்டீன் என்றால் 40 சதவீதம். உலர் உணவில் தண்ணீர் 10 பங்குதான். மீதி 90 பங்கில் 32 என்றால் 36கூட வராது. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் மலிவான பௌச்தான் முன்னால் நிற்கிறது. அந்தத் தண்ணீரும் வீண் இல்லை. பூனை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனையின் வழி வந்தது, இரையின் உடம்பில் இருக்கிற ஈரத்திலேயே காலம் தள்ளிப் பழகிய ஜாதி. கிண்ணத்தைத் தேடிப் போய் நிறையக் குடிக்காது. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். 85 கிராம் பௌச்சிலேயே 68 மில்லி போய்விடும். 60 கிராம் உலர் உணவில் 6 மில்லிதான்.

அப்புறம் அவர், "சாப்பிடுற பாக்கெட்டைக் கொண்டு வாங்க" என்றார். என்னிடம் இருந்தது ஒரு ஜிப் கவர். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர், அதில் பிராண்டு பெயரும் விலையும். தயாரித்த மாதம் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அவர் பிரித்து மோந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். பழைய தேங்காய் காறல் அடிக்குமே, அந்த வாடை. கிளினிக்கில் இருந்த அதே பிராண்டு சீல் பாக்கெட்டைப் பிரித்துப் பக்கத்தில் கொட்டினோம். அதில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த முக்கோணம். என் கவரில் முக்கோணம் அங்கொன்றும் இங்கொன்றும், மீதி உருண்டையும் தட்டையும், சிலவற்றில் சிவப்புச் சாயம். எட்டு மாதம் தினமும் இரண்டு வேளை இதைக் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

நேராகக் கடைக்குப் போனேன். முதலாளி இல்லை. பின்பக்கம் ஒரு பையன் வெள்ளை மூட்டை ஒன்றிலிருந்து அள்ளிப் பிரீமியம் பைக்குள் கொட்டிக்கொண்டிருந்தான். வெள்ளை மூட்டையில் நாய்ப் படம் போட்டிருந்தது.

நாய் உணவு தின்றால் பூனைக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். டாரின் என்று ஒரு சத்து. நாயின் உடம்பு பொதுவாக அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதிய அளவு முடியாது, உணவில்தான் வர வேண்டும். குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் வீங்கும். அந்த இதய நோய்க்கு டாரின் குறைவு காரணம் என்று 1987-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். சுண்டுவின் கண்ணும் இதயமும் இப்போதைக்கு நன்றாக இருக்கின்றன.

அடைப்புக்குக் கலப்படம்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். உடல் எடை, வீட்டுக்குள்ளேயே கிடப்பது, தண்ணீர் போதாதது எல்லாம் சேர்ந்து வருவது அது. ஆனால் பௌச்சை நிறுத்தச் சொன்னது அந்த மனிதர். நாய் உணவைப் பூனைக்கென்று விற்றதும் அவர்தான். போன் செய்தால், "பூனைக்குத்தான் சரியாயிடுச்சே அக்கா" என்கிறார். கடைசியாக வாங்கிய கவருக்கு 520 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்.

சுண்டுவுக்கு இப்போது டாக்டர் எழுதிக் கொடுத்த ஈர உணவு மட்டும்தான். எங்கள் இன்னொரு பூனை மீனுக்குட்டிக்குப் பழைய சாதாரண பாக்கெட்டும் பௌச்சும். பிரீமியம் வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். சீல் உடையாத பட்ஜெட் பாக்கெட் எனக்குப் போதும், அதில் 'கம்ப்ளீட்', அதாவது தேவையான எல்லாச் சத்தும் உள்ளது, என்று அச்சிட்டிருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' என்று போட்ட டின்னும் பௌச்சும் தொட்டுக்கொள்ளத்தான், அதையே சாப்பாடாக வைக்கக் கூடாது. உணவை மாற்றுவதானால் ஏழெட்டு நாள் கலந்து கலந்து மாற்றுங்கள். பிடிக்கவில்லை என்று பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று நாளில் ஈரலே கெட ஆரம்பித்துவிடும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தயாரிப்பாளர் பெயரும் மாதமும் இல்லாத பொட்டலம் என்பதால், தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கும் ஸ்டிக்கர் படத்தோடு எழுதியிருக்கிறேன். நேற்று அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். வாசலில் அதே ஜிப் கவர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. விலை மட்டும் 560 ஆகியிருக்கிறது.