பலகையில் ‘பண்ணை’ என்று எழுதி விற்கும் வெள்ளவத்தை மீன்கடை

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற இந்தச் சின்னக் கடைக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். ஐஸ் தாராளம், தரை சுத்தம், வெட்டுகிற தம்பியின் கை நல்ல கை. ஆனால் நான் எழுத வந்தது அவர்களுடைய கரும்பலகையைப் பற்றி. ஒவ்வொரு மீனின் பெயருக்கு நேரே ‘கடல்’ அல்லது ‘பண்ணை’ என்று எழுதுகிறார்கள். நான் மீன் வாங்குகிற மற்றக் கடைகளில் கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

போன கிழமை பண்ணைக் கொடுவா வாங்கினேன். “அக்கா, இது சொதிக்குத்தான் நல்லது, குழம்புக்குப் பாரையை எடுங்கோ” என்றார் தம்பி. வயிற்றைக் கீறினதும் குடலைச் சுற்றிக் கட்டிக்கட்டியாக வெள்ளைக் கொழுப்பு. கடலில் பிடிபட்ட கொடுவாவில் இவ்வளவு கொழுப்பை நான் கண்டதில்லை. சதை மெத்தென்று, மண் வாசம் துளியும் இல்லை. சொதி அருமையாக வந்தது.

உயிரியல் படிப்பித்தவள் என்பதால் அந்தக் கொழுப்பு என்னை விடவில்லை. கடலில் கட்டிய வலைக்கூட்டுக்குள் போடுகிற தீனியால் வருவது அது. அந்தத் தீனி முழுவதையும் உள்ளே இருக்கிற மீன் தின்பதில்லை. மிச்சம் வலைக்கு வெளியே விழுகிறது. நோர்வேயில் சமன் (சால்மன்) மீன் வளர்க்கிற கூடுகளின் கீழே சேய்த் என்ற கடல்மீன் கூட்டம் கூட்டமாக வந்து நின்று அதைத் தின்னும். ஆராய்ந்து பார்த்ததில் அவற்றின் உடம்பு கொழுத்து, ஈரல் பெருத்திருந்தது. தீனியில் சேர்க்கிற சோயா, கடுகின வித்து எண்ணெய்களின் கொழுப்பமிலங்கள் சதையிலேயே ஏறியிருந்தன. அங்கே கூட்டிலிருந்து 100 மீற்றருக்குள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. அது மிகச் சரியான சட்டம். இல்லாவிட்டால் தீனிக்குக் கூடுகிற மீனை அப்படியே அள்ளிவிடுவார்கள்.

கொழுத்த மீன் நல்ல மீன் என்று சமையலறையில் சொல்லலாம். சினைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. முட்டையின் மஞ்சட்கருவில் சேரும் கொழுப்பு, தாய் தின்றதிலிருந்து வருவது. குஞ்சின் கண்ணும் மூளையும் சரியாக உருவாக டிஎச்ஏ போன்ற ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் வேண்டும். தாவர எண்ணெயில் டிஎச்ஏ கிடையாது. தாய் எவ்வளவு பருத்திருந்தாலும் அது குறைந்தால் முட்டையின் தரம் குறையலாம். கூட்டடியில் மேய்கிற மீனின் எடையோடு அதன் சினையையும் சோதிக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அரைப் புள்ளி குறைத்தது இறக்குமதிச் சமனுக்காக. அதற்கு நேரே ‘நோர்வே’ என்று மட்டும் இருக்கிறது. பண்ணை என்ற சொல் இல்லை. அந்த மீனுக்குத்தான் அது முக்கியமாக வேண்டும். கூடுகளில் பெருகும் கடற்பேன் என்ற ஒட்டுண்ணி, ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் காட்டுச் சமன் குஞ்சுகளில் ஏறிக் கொல்கிறது. வலை கிழிந்தால் இன்னும் மோசம். 2013இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஏறத்தாழ 20,000 பண்ணைச் சமன் தப்பின. அடுத்த ஆண்டே அயல் ஆறுகளில் கலப்புக் குஞ்சுகள் இருந்தன. வேகமாக வளரவென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனம் அது. அதன் கலப்புக் குஞ்சு ஆற்றில் பிழைப்பது குறைவு, காட்டினமும் சேர்ந்து பலவீனப்படும். தம்பியிடம் சொன்னேன், பலகையில் சேர்ப்பதாகச் சொன்னார்.

இதையெல்லாம் சொல்லியும் பண்ணைக் கொடுவாவை நான் தொடர்ந்து வாங்குவேன். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில வருடம் கழிந்து பெரிதான பிறகுதான் பெண்ணாகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் முன்மேசையில் பெருமையாகக் கிடத்துகிற பெரிய ‘கடல்’ கொடுவா அநேகமாகச் சினை வைக்கிற தாய். நம்முடைய முகத்துவாரங்களுக்கு அவள் தேவை. பெண்ணாகும் முன்பே விற்பனைக்கு வருகிற பண்ணை மீனை வாங்கினால் அந்தத் தாய் தப்புவாள். கூடு எங்கே கட்டியிருக்கிறது, என்ன தீனி, வலையை யார் பார்க்கிறார்கள் என்பதையும் விற்பவர் சொல்லத்தான் வேண்டும்.

விலை சந்தையை விடக் கொஞ்சம் கூட. வாகனம் நிறுத்த இடமில்லை, நடந்து போங்கள். சூடை, விளை வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு முன்னே போகவேண்டும். கொடுவாவின் தலையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் வெட்டி ஒதுக்கிவிடுகிறார்கள்.