முள்வேலிக்குள் மரணம்: ஷெர்லக்கின் இரண்டு ராணுவ எபிசோடுகளில் எது தேறுகிறது?

பிபிசியின் 'ஷெர்லக்' தொடரில் கதை ராணுவ வேலியைத் தாண்டி உள்ளே போகிற எபிசோடுகள் என்று இரண்டைச் சொல்லலாம். 2012 ஜனவரி 8 அன்று ஒளிபரப்பான 'தி ஹவுண்ட்ஸ் ஆஃப் பாஸ்கர்வில்', 2014 ஜனவரி 5 அன்று வந்த 'தி சைன் ஆஃப் த்ரீ'. முதலாவதை மார்க் கேட்டிஸ் தனியாக எழுதினார். இரண்டாவதில் அவரோடு ஸ்டீவன் மொஃபட், ஸ்டீஃபன் தாம்சன் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும். ராணுவத்தில் நடக்கும் சந்தேக மரணம் என்ற ஒரே கோணத்தில் வைத்துப் பார்த்தால் எது நிற்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச வழியில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் வாசல். ஊருக்குள் கொலை நடந்தால் துப்பறிவாளர் கதவைத் தட்டலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம். முகாமுக்குள் அது நடக்காது. அதனால் ராணுவக் கதையில் யார் செய்தது என்பதற்கு முன்பே, யாரை உள்ளே விடுவார்கள் என்ற கேள்வி வந்து நிற்கும். இதில் பாஸ்கர்வில் கெட்டி. அண்ணன் மைக்ராஃப்டின் அடையாள அட்டையைத் தேய்த்து ஷெர்லக் உள்ளே நுழைகிறார். வாட்சன் தன் கேப்டன் பதவியைச் சொல்லி, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நடக்கிறார். 23 நிமிடத்தில் அண்ணனிடமிருந்து குறுஞ்செய்தி வந்துவிடுகிறது, 'என்ன செய்கிறாய்' என்று. பொய் அட்டையின் ஆயுசு அவ்வளவுதான். மறுமுறை போகும்போது மேலிடத்தில் பேசி 24 மணி நேர அனுமதி வாங்கித்தான் போகவேண்டியிருக்கிறது. முகாமின் தலைவர் மேஜர் பேரிமோர் பல்லைக் கடித்துக்கொண்டு வழி விடுகிறார். ராணுவத்தில் அதிகாரம் எப்படி நகரும் என்பதற்கு இது சரியான படம்: மேலே இருந்து உத்தரவு வந்தால் கதவு திறக்கும், வராவிட்டால் எவ்வளவு மூளை இருந்தாலும் வெளியேதான்.

'சைன் ஆஃப் த்ரீ'யில் மேஜர் ரீட் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கிறார். வாட்சன் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஷெர்லக் வேறு வழியாக நழுவி உள்ளே போய்விடுகிறார். வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் அரண்மனைக் காவல்படையின் பாசறைக்குள் அப்படித் திரிய விடமாட்டார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை இரண்டு எபிசோடுக்கும் பொது: உள்ளூர் போலீஸ் எங்கே? இங்கிலாந்தில் பாசறைக்குள் சந்தேக மரணம் நடந்தால் பொறுப்பு அந்த வட்டாரப் போலீசுக்கும் மரண விசாரணை அதிகாரிக்கும் உரியது. ராணுவப் போலீஸ் துணைக்குத்தான். பாஸ்கர்வில்லில் லண்டனிலிருந்து போலீஸ் இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் விடுமுறை என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறார், கதை நடக்கும் டெவன் வட்டாரத்துப் போலீஸ்காரர் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை.

இது வெறும் சட்டப் புத்தகச் சங்கதி இல்லை. சர்ரே மாவட்டத்தின் டீப்கட் முகாமில் 1995-க்கும் 2002-க்கும் இடையே பயிற்சியில் இருந்த இளம் வீரர்கள் நான்கு பேர் குண்டுக் காயத்தோடு இறந்தார்கள். முதல் மரணங்களில் சர்ரே போலீஸ் பொறுப்பை ராணுவப் போலீசிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. தற்கொலைதான் என்ற நினைப்போடு விசாரணை ஓடியது, காப்பாற்றியிருக்க வேண்டிய தடயங்கள் பல காக்கப்படவில்லை. குடும்பங்கள் விடாமல் போராடி, 2016, 2018, 2019 ஆண்டுகளில் மூன்று மரணங்களுக்கு மறுவிசாரணை முடிந்தது. மூன்றிலும் தற்கொலை என்றே முடிவு வந்தது, கூடவே முகாம் நடத்தப்பட்ட விதத்தின் மீது கடும் குறைகளும் பதிவாயின. முதல் நாளே வெளியாள் போலீஸ் வந்து தடயங்களைப் பூட்டி வைத்திருந்தால், 1995-இல் இறந்த இருவரின் வீட்டாரும் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டி வந்திருக்காது. ராணுவம் கடுங்குற்றங்களுக்கென முப்படைக்கும் பொதுவான தனிப் பிரிவை 2022 டிசம்பரில்தான் தொடங்கியது. டிவியில் இந்த அலுப்பூட்டும் பகுதியை யாரும் காட்டமாட்டார்கள். மேதை ஒருவர் வந்து ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டால் தடயப் பைக்கு என்ன வேலை?

சரி, கொலை செய்யும் முறைக்கு வருவோம். இங்கே 'சைன் ஆஃப் த்ரீ' எங்கேயோ போய்விடுகிறது.

காவல் முடிந்து வந்த சிப்பாய் பெயின்பிரிட்ஜ் குளியலறைத் தடுப்புக்குள் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. கத்தி இல்லை, ஆள் வந்துபோன சுவடு இல்லை. விடை: குத்தியது குளியலறையில் இல்லை, பல மணி நேரம் முன்பே, இறுக்கிய பெல்ட்டின் வழியாக, ஊசிபோன்ற மெல்லிய கூர்முனையால். பெல்ட் சதையை இறுக்கிப் பிடித்திருந்தவரை காயம் வாய் திறக்கவில்லை. குளிக்கப் போனவர் பெல்ட்டை அவிழ்த்தார், ரத்தம் கொட்டியது.

இது முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1898 செப்டம்பர் 10 அன்று ஜெனீவாவில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை லுய்ஜி லுகேனி என்பவன் கூர்தீட்டிய அரத்தால் மார்பில் குத்தினான். யாரோ முட்டித் தள்ளிவிட்டான் என்று நினைத்த பேரரசி எழுந்து நடந்து, கப்பல் ஏறிய பிறகுதான் சாய்ந்தார். இறுக்கக் கட்டிய உள்கச்சையைத் தளர்த்தியபோதுதான் காயம் தெரிந்தது. ரத்தம் இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள் மெல்ல மெல்லக் கசிந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடிந்தது.

இதோடு எபிசோடை ஒட்டிப் பார்த்தால் எங்கே பிசகுகிறது என்பது தெரியும். குத்து விழுந்தது முதுகுப்பக்கம், இடுப்பு உயரத்தில். அங்கே இருப்பவை சிறுநீரகமும் பெரிய ரத்தக் குழாய்களும். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அதில் குத்து பட்டால் வெளியே சொட்டாவிட்டாலும் உள்ளே கசிந்துகொண்டுதான் இருக்கும். பெல்ட் தோலையும் மேல்தசையையும் அழுத்தலாம், உள்ளே ஓடும் ரத்தத்தை அழுத்தமுடியாது. மணிக்கணக்கில் விறைப்பாக நின்ற ஆள் அதற்குள் வெளிறி, வியர்த்து, மயங்கி விழுந்திருப்பார். குத்தியதே தெரியவில்லை என்பது இன்னும் கஷ்டம். மார்பில் குத்து வாங்கிய பேரரசிக்குக் கீழே விழுந்த அதிர்ச்சி ஒரு போர்வை, அசையாமல் காவல் நிற்பவருக்கு அந்தப் போர்வை இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். காவல்படையின் சிவப்புச் சட்டை ரத்தத்தை மறைக்கும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதன்மேல் கட்டும் தோல் பெல்ட் வெள்ளை. தினமும் வெளுப்பு பூசி, பித்தளையைத் துலக்கி, மேலதிகாரி கண்ணால் அளந்து பார்க்கிற பெல்ட் அது. அதில் ஒரு துளை விழுந்து, ஓரம் சிவந்தால் பக்கத்தில் நிற்பவன் கண்ணிலேயே படும்.

ஆனால் எழுத்தாளர்கள் ஒரு இடத்தில் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். குளியலறைதான் அந்தத் தந்திரத்துக்குப் பொருத்தமான இடம். அழுத்தம் விலகுகிறது, வெந்நீர் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, ரத்த அழுத்தம் விழுகிறது, மூன்றும் ஒரே நிமிடத்தில். முதலுதவி வகுப்பில் சொல்வார்களே, உடம்பில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதே என்று, அதே விதிதான் இந்தப் பெல்ட்டுக்கும். வாட்சனின் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அதே முறையில் குத்துப்பட்ட மேஜர் ஷோல்டோ அறைக்குள் பூட்டிக்கொண்டு பெல்ட்டில் கை வைத்து நிற்கும்போது நமக்குப் பதற்றம் ஏறுவதற்குக் காரணம், பாதி உண்மையான மருத்துவம்.

பாஸ்கர்வில்லின் ஆயுதம் மூடுபனி. முகாமுக்கு அருகிலிருக்கும் பள்ளத்தில் கால் வைத்தால் நிலத்தடி அழுத்தத் தட்டு வழியாக ஒரு மருந்துப் புகை கிளம்பும், அதை உள்ளிழுத்தவர் பயத்தில் எதைச் சொன்னாலும் அதையே காண்பார். இருபது ஆண்டுக்கு முன் ஹென்றி நைட் என்ற சிறுவனின் அப்பாவைக் கொன்றது வேட்டை நாய் இல்லை, நச்சுவாயுத் தடுப்பு முகமூடி அணிந்த, முகாம் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் டாக்டர் ஃபிராங்க்லண்ட். இரவில் பள்ளத்தில் குளிர்ந்த கனமான காற்று தேங்கி நிற்கும் என்பதால் புகை கலையாமல் கிடக்கும் என்பதுவரை ஏற்கலாம். மருந்தின் வேகத்தைத்தான் ஏற்க முடியாது. அமெரிக்க ராணுவம் எட்ஜ்வுட் முகாமில் வீரர்கள் மேல் சோதித்த 'பிஇசட்' என்ற, புத்தியைப் பேதலிக்கச் செய்யும் மருந்து வேலை செய்யத் தொடங்க அரை மணியிலிருந்து சில மணி நேரம் ஆகும், தெளிய மூன்று நாள்வரை பிடிக்கும். மூக்கில் ஏறிய நொடியே நாய் தெரிந்து, வீடு திரும்பியதும் தெளிகிற மருந்து எழுத்தாளரின் அலமாரியில் மட்டும்தான் இருக்கிறது.

முடிவில் ஃபிராங்க்லண்ட் கண்ணிவெடி வயலுக்குள் ஓடிச் செத்துப்போவது இன்னும் மோசம். ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் பிரிட்டன் 1997-லேயே கையெழுத்திட்ட நாடு. கதை நடக்கும் டார்ட்மூரில் நிஜமாகவே ராணுவச் சுடுதளங்கள் உண்டு, சுடும் நாளில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். அங்கே பயப்பட வேண்டியது வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் பழைய குண்டுகளுக்கு. வில்லனை அப்படி ஒன்றின் மேல் ஓடவிட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது.

ஆனாலும் அந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான ஒரு மரணம் நிழலாகத் தெரிகிறது. 1953 மே 6 அன்று வில்ட்ஷயரின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் விமானப்படை வீரர் ரொனால்ட் மேடிசன், வயது 20, முன்கையில் சுற்றிய துணி மேல் 200 மில்லிகிராம் சாரின் நச்சைச் சொட்டுச் சொட்டாக விட்ட சோதனையில் இறந்தார். ரகசியமாக நடந்த விசாரணை அதை விபத்து மாதிரி எழுதி மூடியது. 2004-இல் நடந்த மறுவிசாரணையில் ஜூரி சட்டவிரோதக் கொலை என்று சொன்னது. பாஸ்கர்வில் இந்தத் திசையைத் தொட்டுவிட்டு, பழியைத் தனி ஆள் ஒருவனின் கிறுக்கில் போட்டுத் தப்பித்துக்கொள்கிறது. போர்ட்டன் டவுனில் உத்தரவு, பதிவேடு, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன.

பகை என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஷோல்டோ புதிதாகச் சேர்ந்த வீரர்களைப் போருக்குக் கூட்டிப்போய் அத்தனை பேரையும் பறிகொடுத்தவர். அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது, செத்தவர்களின் வீட்டாருக்குச் சாபம் மிச்சம். அப்படி இறந்த ஒருவனின் சகோதரன் ஜோனதன் ஸ்மால் கல்யாணப் புகைப்படக்காரனாக வருகிறான். பெயின்பிரிட்ஜ் வெறும் ஒத்திகை. எல்லாப் படத்தையும் எடுத்ததால் எந்தப் படத்திலும் இல்லாத ஆள் அவன்தான். ஷோல்டோவும் ஸ்மாலும் 1890-இல் வந்த கோனன் டாயில் நாவலின் பெயர்கள். அங்கே சண்டை ஆக்ரா புதையலுக்காக, ஷோல்டோ ஏமாற்றுக்காரர். தொடர் அதைத் தலைகீழாகத் திருப்பி, தங்கத்தை எடுத்துவிட்டு இறந்த பையன்களை வைத்தது. குற்றவுணர்வில் ஷோல்டோ சாகத் தயாராக நிற்கும் இடத்தில் வாட்சனின் பழைய கமாண்டர் என்ற உறவு முழுக் கனத்தோடு வந்து விழுகிறது. முக்கால் பாகம் கல்யாணப் பேச்சு என்று அலுத்துக்கொள்பவர்கள்கூட இந்தக் கதவருகே சும்மா இருக்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

துப்புகளை நேர்மையாக முன்னால் வைப்பதில் மட்டும் பாஸ்கர்வில் ஒரு படி மேல். சைவச் சாப்பாடு போடும் விடுதியில் இறைச்சி வாங்கிய பில் இருக்கிறது. பொய் அட்டையோடு மாட்டிக்கொண்ட ஷெர்லக்கை ஃபிராங்க்லண்டே வந்து காப்பாற்றி, பேச்சுவாக்கில் தன் 'செல்' எண்ணைக் கொடுக்கிறார். 'மொபைல்' என்று சொல்ல வேண்டிய பிரிட்டிஷ்காரர் 'செல்' என்று சொன்னதால்தான் அந்த மருந்தை உருவாக்கிய பழைய அமெரிக்கச் சோதனையோடு அவருக்குத் தொடர்பு என்பதை ஷெர்லக் பிடிக்கிறார். நம் ஊரில் எல்லோருக்கும் அது செல்போன்தான் என்பதால், தமிழ்க் காதில் அந்தத் துப்பு இரண்டாம் முறை பார்க்கும்போதும் விழாமல் போக வாய்ப்பு அதிகம்.