ராமன் கருவியோடு நாலு வருஷம்: கடலூர் சிப்காட்டிலிருந்து

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து மூலப்பொருள் கம்பெனியின் க்யூசி (தரக் கட்டுப்பாட்டு) லேபில் வேலை பார்க்கிறேன். எங்கள் கையடக்க ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு நாலு வயது முடிந்துவிட்டது. பொருள் மேல் லேசரை அடித்து, நிறம் மாறிச் சிதறித் திரும்பும் ஒளியைப் படமாக வரைந்து அது என்ன பொருள் என்று சொல்லும் கருவி. 785 நானோமீட்டர் லேசர், செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. விற்க வந்தவர் "பட்டனை அமுக்கினா பேரைச் சொல்லிடும் சார்" என்றார். சொல்லும்தான், தப்பாகச் சொன்னாலும் அதே தைரியத்தோடு சொல்லும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதலில் நல்லது. டிரம்மிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் எடுத்து முனையில் வைத்தால் அசிட்டோனோ ஐபிஏவோ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) டொலுயினோ பத்துப் பதினைந்து வினாடியில் தெரிந்துவிடும், கண்ணாடி குறுக்கே நிற்பதில்லை. தண்ணீரும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, ஐஆர் (அகச்சிவப்பு) கருவியில் ஈர சாம்பிளோடு மாரடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பவுடரைப் பாலிதீன் பையோடு வைத்தும் பார்க்கலாம், பை தடிமனாக இருந்தால் மட்டும் படத்தில் 1295 பக்கம் (இந்த எண்களெல்லாம் செ.மீ⁻¹ கணக்கு) பாலிதீன் தன் பங்குக்கு ஒரு பீக்கை, அதாவது கூரான மேட்டை, நட்டுவிடும்.

இப்போது அந்த மழைக்காலக் கதை. ஒரு நாள் ராத்திரி ஷெட் ஒழுகி ஏழு டிரம்மின் லேபிள் கரைந்துவிட்டது. ஸ்டோர் அண்ணன் "தம்பி, எல்லாத்தையும் ஒரு அடி அடிச்சுப் பாரு" என்றார். ஆறு சுலபமாக முடிந்தது. ஏழாவதில் திரை பச்சை காட்டி எத்தனால், பொருத்தம் 0.96 என்றது. அண்ணன் மார்க்கர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் சும்மா படத்தைப் பெரிதாக்கினேன். எத்தனாலுக்கு 880-ஐ ஒட்டி ஓங்கிய பீக், 1050 பக்கம் ஒன்று, அதெல்லாம் சரிதான், ஆனால் அந்த 1050-ன் இடது தோளில், 1030-ஐ ஒட்டி ஒரு சின்ன மேடு. மெத்தனால் நிற்கும் இடம் அது. ஜிசியில் (வாயு நிறப்பிரிகைக் கருவி) போட்டோம், மெத்தனால் கலந்த ரெக்கவரி டிரம்தான், அதாவது பயன்படுத்திவிட்டு மீட்டெடுத்த கரைப்பான். பொருத்தம் பார்க்கிற கணக்கு மொத்த வடிவத்தைத்தான் ஒப்பிடுகிறது, முக்கால்வாசி எத்தனாலாக இருந்தால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் நல்ல மார்க் போட்டுவிடும். அன்றிலிருந்து பெயரைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பார்க்கிறேன்.

அப்புறம் இந்தக் கருவிக்கு ஆகாத பொருள்கள். சாப்பாட்டு உப்பை வைத்தோம், ஒன்றுமே வரவில்லை, கருவி கெட்டுவிட்டது என்று புது பையன் பயந்துபோனான். சோடியம் குளோரைடின் படிக அமைப்பு அப்படி, அதில் அடையாளம் சொல்லும் பீக் கிடைக்காது. உலோகமும் அப்படியே. பழுப்பு நிறச் சரக்கு என்றால் லேசர் பட்டதும் சரக்கிலிருந்தே ஒளிர்வு கிளம்பி அடிக்கோடே மலை மாதிரி எழும்பிவிடும், பீக்குகள் அதற்குள் புதைந்துபோகும். 1928-ல் ராமன் கண்டுபிடித்த இந்தச் சிதறல் அவ்வளவு சொற்பம், ஏறக்குறைய கோடி ஒளித்துகளுக்கு ஒன்று நிறம் மாறித் திரும்பினால் உண்டு. வெளி வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும், அதனால்தான் மே மாத வெயில் ஷெட் இடுக்கில் விழுந்தால்கூட நான் கறுப்புத் துணி போர்த்துகிறேன். கறுப்புப் பவுடரில் மட்டும் லேசரை நிறுத்தி வைக்காதீர்கள், சூடேறிப் புகையும், தீப்பிடிக்கிற சரக்காக இருந்தால் புகையோடு நிற்காது.

கடற்காற்று தனித் தொல்லை. முன் கண்ணாடியில் உப்புப் படலம் ஏறும், தினமும் காலையில் துடைத்துவிட்டு பாலிஸ்டைரீன் துண்டை வைத்து 1001-ல் பீக் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் பொறுக்கிய கிளிஞ்சலைக்கூட வைத்துப் பார்த்தேன், 1085-ல் கால்சியம் கார்பனேட் கம்பம் போல நின்றது. சம்பந்தமில்லைதான், ஆனாலும் சந்தோஷம்.

கருவியோடு வந்த லைப்ரரியில் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரத் தொகுப்பு) எங்கள் இடைநிலைப் பொருள்கள் எதுவும் இல்லை. இல்லாததை அது எப்படிச் சொல்லும், கிட்டத்தட்ட இருக்கிற வேறொன்றைச் சொல்லும். அறுபது சரக்குக்கு மேல் நானே சுத்த சாம்பிள் வைத்துப் பதிவேற்றினேன், கலவைகளை லேப்டாப்பில் பைத்தான் வைத்து அடிக்கோடு கழித்துப் பிரித்துப் பார்க்கிறேன். வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் மூல ஸ்பெக்ட்ரத்தைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க விடுமா என்று கேளுங்கள். நிறமுள்ள சரக்கு அதிகம் என்றால் ஒளிர்வு குறைவாக வரும் 1064 நானோமீட்டர் லேசர் கருவியை உங்கள் சாம்பிளோடு டெமோ கேளுங்கள், அவர்கள் கொண்டுவரும் பாராசிட்டமால் மாத்திரையோடு அல்ல.