கல் குவாரியில் பிரிந்த இருவர்: ஜான் பிரவுனும் பிரெடெரிக் டக்ளஸும்

1859 ஆகஸ்ட். பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க் அருகே, கைவிடப்பட்ட ஒரு கல் குவாரியில், அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய ஜான் பிரவுனும் பிரெடெரிக் டக்ளஸும் ரகசியமாகச் சந்தித்தார்கள். அடிமைகளை விடுவிக்க, வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இருந்த அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கப் போவதாகச் சொல்லி, உடன் வரும்படி பிரவுன் மன்றாடினார். அது எஃகுப் பொறி, உயிரோடு திரும்ப முடியாது என்று டக்ளஸ் மறுத்தார். அவருடன் வந்திருந்த, அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஷீல்ட்ஸ் கிரீன் மட்டும் பிரவுனுடன் போனார், பிறகு தூக்கிலிடப்பட்டார். அவரை நினைக்காமல் இந்த ஒப்பீட்டை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிரவுன் வெள்ளையர், சாட்டையடி படாதவர். ஆனாலும் அக்டோபர் தாக்குதலில் இரண்டு மகன்களை இழந்து, டிசம்பர் 2 அன்று தூக்குமேடை ஏறினார். 1856இல் கான்சஸில் அடிமைமுறையை ஆதரித்த தரப்பைச் சேர்ந்த ஐந்து பேரை இரவில் வீட்டிலிருந்து இழுத்து வெட்டிக் கொன்றதற்கும் அவரே பொறுப்பு. அதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

டக்ளஸ் அடிமையாகவே பிறந்தவர், 1838இல் தப்பியவர். பேச்சும் பத்திரிகையும் அவர் ஆயுதங்கள். உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைக்கு ஆள் திரட்டினார்.

அன்று மறுத்த டக்ளஸ் கோழையல்லர், கணக்குத் தெரிந்தவர் என்பேன். அவரோ 1881இல் அதே ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் பேசியபோது, அடிமைக்காகத் தன்னால் வாழ முடிந்தது, பிரவுனால் சாக முடிந்தது என்றார்.